அட்டையைச் செருகவும்

காலை ஆறேகால் மணி. கிள்ளான்–பந்திங் சாலையில் லாரிகள் அதற்குள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கின்றன. தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் ஏழு மணி ஷிப்டைப் பிடிக்க வேண்டியவர்கள் எண்ணெய் நிலையத்துக்குள் மோட்டாரைத் திருப்புகிறார்கள். குழாயில் கை வைப்பதற்கு முன் எல்லாரும் நேராகக் கல்லாவுக்குப் போகிறார்கள். பணப்பையைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது அடையாள அட்டையான ஐ.சி., அப்புறம்தான் காசு.

எனக்கு முன்னால் நின்ற மலாய்க்காரப் பெண் தன் அட்டையில் இருக்கும் தங்க நிறச் சில்லைத் துடோங் முனையால் ஒருமுறை துடைத்துவிட்டுச் செருகினார். இயந்திரம் படித்துவிட்டது. அடுத்தது நான். இரண்டு தடவை செருகியும் அசைவில்லை. நானும் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தேன். கல்லாவில் இருந்த பையன் எட்டிப் பார்த்து, "தெர்பாலெக், பாச்சிக்" என்றான். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். திருப்பிப் போட்டதும் இந்த மாதம் எனக்கு மிச்சம் இருக்கும் லிட்டர் கணக்கு திரையில் வந்தது. அட்டை தலைகீழாக இருந்ததில் ஒன்றும் வெட்கமில்லை. பையன் என்னைப் பெரியவராக்கிவிட்டான் என்பதுதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

எனக்குப் பின்னால் எங்கள் தாமானைச் சேர்ந்த உண்மையான பெரியவர் ஒருவர் நின்றார். எழுபதைத் தாண்டியவர். வெளியே அவருடைய பழைய கப்சாய் மோட்டார் நின்றது. அவர் இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. பத்து வெள்ளித் தாளை நீட்டிப் பம்பு எண்ணைச் சொன்னார். அவர் பையிலும் ஓர் அட்டை இருக்கிறது, நிறம்தான் வேறு.

"சிவப்பு ஐ.சி.க்கு ஒண்ணு தொண்ணூத்தொம்பது கிடையாது தம்பி" என்றார் வெளியே வந்ததும். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

ஒரே குழாய், இரண்டு விலை

'புடி95' திட்டம் 2025 செப்டம்பர் 30 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்பு பிரதமர் அன்வார் இப்ராஹிம் விவரத்தை அறிவித்தார். மைகாட் என்ற குடிமக்கள் அடையாள அட்டையும், காலாவதியாகாத ஓட்டுநர் லைசன்ஸும் இருந்தால் ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு, தொடக்கத்தில் மாதத்துக்கு 300 லிட்டர் வரை. மற்றவர்களுக்கு அப்போது 2 வெள்ளி 60 காசு. அதற்கு முன்னால் எல்லாருக்கும் 2.05 என்று ஒரே விலை இருந்தது.

கப்சாய் டாங்கியில் நான்கு லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 7 வெள்ளி 96 காசு. பெரியவருக்கு அந்தத் தொடக்க விலையில் 10 வெள்ளி 40 காசு. இடையில் இருக்கும் 2 வெள்ளி 44 காசுக்கு எங்கள் ஊரில் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுச் சில்லறையும் வாங்கலாம். இதைப் பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் வாரத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் ஊற்றுகிறார்.

மானிய எண்ணெய் எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது, வெளிநாட்டவர் ஊற்றுகிறார்கள், பெரிய கார் வைத்திருப்பவர்தான் அதிகம் குடிக்கிறார் என்று அரசாங்கம் பல வருடமாகச் சொல்லி வந்தது. சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் இந்தத் திட்டத்தைத் திட்டுகிற ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. பயந்தார்கள், அவ்வளவுதான். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் மானியம் எடுக்கப்பட்டு லிட்டர் ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசானது அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. லாரிக்காரர்களுக்குத் தனியாக உதவி உண்டு என்றுதான் அப்போது சொன்னார்கள். இருந்தாலும் அந்த மாதமே காய்கறிக்காரர் "டீசல் ஏறிப்போச்சு அக்கா" என்று ஆரம்பித்துவிட்டார். பெட்ரோலில் அப்படி நடக்காமல் ஆறு காசு குறைந்தது, ஊர் மூச்சு விட்டது.

இந்த ஊரில் பெட்ரோலை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று பிரிக்ஃபீல்ட்ஸ்வாசிகள் கேட்கலாம். அவர்களுக்கு வாசலில் கே.எல். சென்ட்ரல் இருக்கிறது, மாதம் 50 வெள்ளிக்கு 'மை50' பாஸ் எடுத்தால் பஸ்ஸும் ரயிலும் தாராளமாக ஏறலாம். எங்களுக்கு ரயில் கிடையாது. பண்டார் உத்தாமாவிலிருந்து கிளம்பும் எல்ஆர்டி3 பாதை எங்களை நோக்கி ஜொஹான் செத்தியா வரை வந்து நின்றுவிடுகிறது. அதன் திறப்புத் தேதி தள்ளிப்போன கதையைச் சொன்னால் இந்த இதழ் போதாது. கிள்ளானுக்குப் போனாலும் பந்திங்குக்குப் போனாலும் எங்களுக்கு மோட்டார், இல்லையென்றால் கார். ஒரு வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் மூன்று பேர் என்றால் வாசலில் மூன்று மோட்டார் நிற்கும்.

கல்லாவில் எடுத்து வைத்தவை

எண்ணெய்க்கு ஒரு மாதம் முன்னால், 2025 ஆகஸ்ட் 31, சுதந்திர தினத்தன்று, இன்னொன்று வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் 'சாரா' உதவியாக 100 வெள்ளி. கையில் காசாகத் தரவில்லை. அதுவும் அட்டைக்குள்தான் இருந்தது. குறிப்பிட்ட கடைகளில், அரிசி, எண்ணெய், சவர்க்காரம், பள்ளிக்கூடச் சாமான் என்று குறிப்பிட்ட பொருள்களை எடுத்துக்கொண்டு கல்லாவில் ஐ.சி.யைச் செருக வேண்டும்.

முதல் நாளே நாடு முழுக்கக் கணினி திணறியது. நான் போன பேரங்காடியில் வரிசை மீன் பகுதி வரை வளைந்து நின்றது. தள்ளுவண்டி நிறையச் சாமான், கையில் ஐ.சி., கல்லாவில் "தூங்கு, தூங்கு" என்ற பதில். இந்தியாவிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் அதைக் கேட்டு அசந்துபோனார். பொறுங்கள் என்பதற்கு மலாயில் அதுதான் சொல் என்று விளக்க வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரம் பொறுத்தவர்கள் சிலர் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஐஸ் உருகிக் கோழியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து மறுபடி போனபோது எல்லாம் ஓடியது. அன்று பார்த்த ஒரு காட்சி மனதில் நிற்கிறது. எனக்கு முன்னால் ஓர் அம்மா. சாமான்கள் ஒவ்வொன்றாக 'டிட்' என்று கடந்துபோகின்றன. ஒரு பொருள் வந்ததும் கல்லாப் பெண் தலையை ஆட்டி அதை ஓரமாக வைத்தார், பட்டியலில் இல்லை. பேரனுக்கு வாங்கிய விளையாட்டுக் கார். அந்த அம்மா வாதாடவில்லை. கைப்பையைத் திறந்து, சுருக்கு முடிச்சை அவிழ்த்து, அதற்கு மட்டும் காசு எண்ணிக் கொடுத்தார். அரசாங்கத்தின் நூறு வெள்ளி ஒரு பக்கம், பாட்டியின் ஆறு வெள்ளி ஒரு பக்கம் என்று இரண்டு ரசீது வந்தது. இரண்டையும் மடித்து வைத்துக்கொண்டார்.

பட்டியல் போட்டுத்தான் கொடுக்க வேண்டுமா, எங்களுக்குச் செலவழிக்கத் தெரியாதா என்று எங்கள் தெருவில் கேட்டவர்கள் உண்டு. காசாகக் கொடுத்தால் யார் வீட்டில் எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

விலைவாசி என்று எடுத்தால் சின்னச் சின்ன வெட்டுகள்தான். முட்டைக்கு இருந்த பத்துக் காசு மானியம் 2025 மே மாதம் ஐந்தானது, ஆகஸ்ட்டில் பூஜ்யமானது. ஜூலை 1 முதல் விற்பனை, சேவை வரி கூடுதல் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விரிந்தது. அதே நாளில் மின்கட்டணக் கணக்கும் மாறியது. முன்பு பில்லில் இத்தனை யூனிட், இத்தனை வெள்ளி என்று இருந்தது. இப்போது எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு, சில்லறை என்று தனித்தனி வரி, அதற்குக் கீழே மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டல், சிக்கனமாக இருந்ததற்குத் தள்ளுபடி. என் பில் உண்மையில் கொஞ்சம் குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்று எனக்குப் புரியவில்லை, கூடியிருந்தாலும் புரிந்திருக்காது. குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 ஆனது, 2025 ஆகஸ்ட் முதல் சிறிய கடைகளுக்கும் சேர்த்து. தொழிற்சாலைப் பெண்களுக்கு அது பெரிய விஷயம். தெருமுனையில் இரண்டு ஆள் வைத்து நாசி லெமாக் கடை நடத்துகிற அக்காவுக்கும் பெரிய விஷயம், வேறு விதத்தில்.

அரிசிக் கதை நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350-லிருந்து 3,200 வெள்ளியாக்கியது. உடனே எல்லாரும் பத்துக் கிலோ 26 வெள்ளி என்று விலை கட்டிய உள்ளூர் அரிசியைத் தேடினார்கள். அலமாரியில் இல்லை. எங்கே போனது என்று கேட்டால் கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

பாக்கெட் சமையல் எண்ணெய்தான் எனக்கு இன்னும் பிடிபடாத புதிர். ஒரு கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. மாதத்துக்கு 60,000 டன் மானிய விலையில் சந்தைக்கு வருகிறது என்பது அரசாங்கக் கணக்கு. எங்கள் ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு, கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. நம் ஆட்கள் மூன்று தலைமுறை உழைத்த மண். பழக்குலை ஏற்றிய லாரி நம் வீட்டு முன்னால்தான் போகும். பாக்கெட் எண்ணெய் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் மட்டும் ஊரே கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஆளுக்கு இரண்டு பாக்கெட்.

டின்னில் போட்ட ஓட்டை

கடையில் சாமான் வாங்க அடையாள அட்டையைக் காட்டுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை.

மலாயாவில் அடையாள அட்டை 1948-இல் பிறந்தது, அவசரகாலத்தின் குழந்தை. கம்யூனிஸ்ட் கெரில்லாவையும் மற்றவரையும் பிரித்துப் பார்க்க வெள்ளைக்காரன் போட்ட முதல் வேலி அது. அடுத்த வேலி முள்கம்பி: காட்டோரம் இருந்த சீனக் குடும்பங்களைத் தூக்கிப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஜெஞ்சாரோம் அப்படி உருவான ஊர்தான். இன்று அங்கே தோங் சென் ஆலயத்தில் சீனப் புத்தாண்டு விளக்குப் பார்க்க நாம் குடும்பத்தோடு போகிறோம். 

அந்த நாளில் காட்டுக்குள் சோறு போகக் கூடாது என்று உணவுக் கட்டுப்பாடு இருந்தது. அரிசி அளந்துதான் கிடைக்கும். கடைக்காரர் யார் எதை வாங்கினார் என்று கணக்கு எழுதி வைக்க வேண்டும். டின்னில் அடைத்த உணவு வாங்கினால் கல்லாவிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். எடுத்து வைக்க முடியாது, அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். ஓட்டை போட்ட டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அட்டையைச் செருகிவிட்டுச் சார்டின் டின் வாங்குகிறார்கள். அன்றைக்கு அட்டை சந்தேகத்துக்கு, இன்றைக்குச் சலுகைக்கு. இந்த மாற்றத்தைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டு காலத்திலும் கல்லா ஒரு சின்னச் சோதனைச் சாவடிதான்.

சில்லு வைத்த மைகாட் 2001-இல் வந்தது. அன்றைய பிரதமர் மகாதீரின் மல்டிமீடியா பெருவழித் திட்டத்தின் முதன்மை முயற்சிகளில் ஒன்று. ஒரே அட்டையில் அடையாளம், லைசன்ஸ், வங்கி, டோல், மருத்துவக் குறிப்பு எல்லாம் அடங்கும் என்றார்கள். அடங்கியது, வெளியே வரத்தான் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சில்லு பெரும்பாலும் வங்கியில் விரல் ரேகை பார்ப்பதற்கும், போலீஸ்காரர் வாங்கித் திருப்பிப் பார்ப்பதற்கும்தான் பயன்பட்டது. கடைசியில் அதற்கு வேலை கொடுத்தவை சாராவும் எண்ணெயும்.

இடையில் இன்னொரு முயற்சி நடந்தது. யாருக்கு மானியம், யாருக்கு இல்லை என்று பிரிக்க 2024 ஜனவரி 2 அன்று ஒரு மாபெரும் தகவல் தளம் தொடங்கினார்கள். மார்ச் 31-க்குள் எல்லாரையும் சம்பளம், கடன், குடும்ப விவரம் எல்லாம் கொட்டச் சொன்னார்கள். அதன் மலாய்ப் பெயரைச் சுருக்கி 'பாடு' என்று வைத்தார்கள். தமிழர் யாரையும் கலந்து பேசியிருக்க மாட்டார்கள். "பாடு போட்டாச்சா?" "போட்டாச்சு, படாத பாடு பட்டாச்சு" என்ற ஜோக் அந்த மூன்று மாதமும் எங்கள் தாமானில் தினம் இரண்டு தடவை ஓடியது. எண்ணெய் விஷயம் வந்தபோது யார் வசதியானவர், யார் இல்லாதவர் என்ற கணக்கெல்லாம் ஓரமாகப் போய்விட்டது. குடிமகனா, இல்லையா? அது ஒன்றுதான் கேள்வி. அந்தக் கேள்வியில்தான் எங்கள் பெரியவர் மாட்டிக்கொண்டார்.

சைக்கிளை விட்டு இறங்காமல்

விலைவாசி, அரசியல், தொழில்நுட்பம் என்று மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் போடுவது பத்திரிகைக்காரர்களின் வழக்கம். கிள்ளான், கோலா லங்காட் தோட்டங்களில் 1941-ஆம் ஆண்டு நம் ஆட்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலில் மூன்றும் ஒரே தாளில் இருந்தன. போரால் ரப்பர் விலை ஏறியது, அரிசி விலையும் ஏறியது, தமிழரின் நாள் கூலி மட்டும் ஐம்பது காசு அளவில் நின்றது. அதே வேலைக்குச் சீனருக்கு அதிகம் கிடைத்தது. ஆகவே முதல் கோரிக்கை, சமக் கூலி. அதோடு கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் தவறாக நடக்கும் சிப்பந்திகளை நீக்கு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு என்றார்கள்.

இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

அன்றைய கைப்பேசி சைக்கிள்தான். சேர்த்த காசில் வாங்கியது; பட்டணத்துக்குப் போகலாம், பக்கத்துத் தோட்டத்துச் சேதி அறியலாம், கூட்டத்துக்குப் போகலாம். அதில் உட்கார்ந்தபடியே துரையைக் கடப்பதற்கு அரசியல் தேவைப்பட்டது. போராட்டத்தை நடத்திய ஆர்.எச். நாதன் மே மாதம் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் படை இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்கிச் சைக்கிளில் முன்னேறியது வேறு கதை.

தோட்டங்கள் போய் இன்று அங்கே தாமான்கள், தொழிற்சாலைகள், ரிம்பாயு போன்ற பெரிய குடியிருப்புகள். கிராணி போனார். ஆனால் கிராணியின் வேலை போகவில்லை. அன்று மனு எழுத, பாரம் நிரப்ப, கடிதம் படிக்க அவரிடம் போய் நின்றோம். இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிராணி இருக்கிறார், வயது பதினாறு, பதினேழு. லைசன்ஸ் புதுப்பிக்க, சேமநிதியில் மூன்றாவது கணக்கிலிருந்து பணம் எடுக்க, உதவித்தொகை வந்ததா என்று பார்க்க, மின்பில்லைத் தமிழில் சொல்ல, எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளைதான். கடவுச்சொற்கள் எல்லாம் அதன் தலையில் இருக்கின்றன. அந்தப் பிள்ளை படிப்புக்குப் பினாங்குக்குப் போய்விட்டால் வீட்டில் பாதிக் கதவு சாத்திக்கொள்ளும்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாசார் மாலாமில் வடை விற்கிற அக்கா க்யூஆர் அட்டையைத் தொங்கவிட்டு வியாபாரம் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. 2020-இல் கோவிட் காலச் செயலியான மைசெஜாத்ரா வந்து எல்லாரையும் கடை வாசலில் நிறுத்தி ஸ்கேன் பண்ணக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பழக்கம்தான் இப்போது வடைக்கு உதவுகிறது. ஆனால் அந்த அக்கா இப்போது 'ஸ்கிரீன்ஷாட்'டைக் காட்டினால் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு தீபாவளி வாரத்தில் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியே நான்கைந்து பேர் முறுக்கு வாங்கிப் போய்விட்டார்களாம். இப்போது காசு விழுந்தால் பக்கத்தில் வைத்த ஒலிப்பெட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போன வாரம் நான் எட்டு வெள்ளி கட்டினேன், லைன் மந்தம், பெட்டி பேசவில்லை, மறுபடி கட்டினேன், இரண்டும் சேர்ந்து பேசியது. அக்கா காசாகத் திருப்பித் தரவில்லை, இன்னும் எட்டு வெள்ளிக்கு வடையைக் கட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் வடைதான்.

மோசடிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தால் திறக்காதீர்கள். பத்திரிகை படமாக வரும், செயலியாக வராது. போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் போனில் மிரட்டுகிறவனிடம் பேசிக்கொண்டே இருக்காதீர்கள், வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுவதற்கு முன் 997-ஐ அழையுங்கள், வங்கியையும் அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே மறிக்க வாய்ப்பிருக்கிறது. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்தவர்களை எனக்குத் தெரியும். படித்தவர்கள்தான் அதிகம் மறைக்கிறார்கள்.

ஆறு காசு அரசியல்

எங்கள் கோலா லங்காட் நாடாளுமன்றத் தொகுதியை 2008-இலும் 2013-இலும் பி.கே.ஆர். வைத்திருந்தது. 2018-இல் அதே கட்சியின் சேவியர் ஜெயக்குமார் வென்று நீர், நிலம், இயற்கை வள அமைச்சரானார். 2021 மார்ச்சில் கட்சியை விட்டு விலகி அன்றைய பிரதமர் முகிதீனை ஆதரித்தார். 2022-இல் தொகுதி பாஸ் கட்சியின் அஹமட் யூனுஸ் ஹைரியிடம் போனது. நம்மவர் ஒருவரை அமைச்சராகப் பார்த்த தொகுதி நான்கே வருடத்தில் பச்சைக்கு மாறியதைப் பற்றி எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கொரு விளக்கம் உண்டு. துரோகம் என்பார் ஒருவர். வாக்காளர் பட்டியலே மாறிவிட்டது, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தானாகச் சேர்ந்துவிட்டார்கள் என்பார் இன்னொருவர்.

2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணியில் கண்ணீர்ப்புகையைச் சுவாசித்த தலைமுறைக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. அந்த நாளைப் பற்றிப் பேசினால் குரல் இன்னும் ஏறும். பிள்ளைகளிடம் அது ஏறவில்லை. ஹிண்ட்ராஃப் என்றால் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று, அப்பாவுக்குக் கோபம் வரும் ஒன்று. அவர்கள் அரசியல் கேட்டால் சம்பளம், வாடகை, பயிற்சிக் காலத்தில் காசு கொடுக்காத கம்பெனி என்று போகும். இது அலட்சியமா, தெளிவா? இரண்டாவது என்றுதான் எனக்குப் படுகிறது.

எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் எண்ணெய் விலையைக் குறைப்போம் என்று மேடைதோறும் பேசியவர் அன்வார். 2022 நவம்பரில் பிரதமரானார். விலை குறைந்தபோது குறைந்தது ஆறு காசு. "சொன்னார், செய்தார்" என்று ஒரு மேசை. "ஆறு காசுக்குப் பொங்கல் வைக்கவா?" என்று அடுத்த மேசை. கடைக்காரர் இரண்டு மேசைக்கும் தே தாரிக் போட்டார். அதன் விலை ஏறியிருந்தது. அதைப் பற்றி இரண்டு மேசையும் பேசவில்லை, பழகிப்போன ஏற்றம்.

சிவப்பு

பெரியவர் பிறந்தது இங்கே, கோலா லங்காட்டில் ஒரு தோட்டத்து லயத்தில், மெர்டேக்காவுக்கு முன்னால். 1957-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிரச்சினை வேறு மாதிரி இருந்திருக்கும். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். குடியுரிமைக்குப் பாரம் நிரப்ப வேண்டிய காலத்தில் யாரும் வந்து சொல்லவில்லை, சொன்னவர்களையும் அப்பா நம்பவில்லை. எப்படியும் ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என்ற எண்ணம். திரும்பவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1969-க்குப் பிறகு பிடியை இறுக்கியபோது தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிப் போனார்கள். இந்தக் குடும்பம் எப்படியோ தங்கியது. சிவப்பு அட்டை என்றால் நிரந்தரமாக இருக்கலாம், குடிமகன் இல்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. 2011-இல் 'மைடஃப்தார்' என்று இந்தியர்களுக்காகப் பதிவு இயக்கம் நடந்தபோது போனார். அதற்கு முன்னாலும் பின்னாலும் போனார். குடியுரிமைக்கு மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. அவர் பேசும் பாசார் மலாயில் மீன் வாங்கலாம், மண்டோரைத் திட்டலாம், பக்கத்து வீட்டு ஹாஜியோடு மணிக்கணக்கில் பேசலாம்.

"கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். அப்புறம் எழுதச் சொன்னாங்க" என்றார். "எனக்குத் தமிழ்லயே கையெழுத்து மட்டும்தான் தம்பி."

வரி கட்டியிருக்கிறார். சேமநிதி கட்டியிருக்கிறார். மூன்று பிள்ளைகளும் நீல அட்டை. ஒரு மகன் ராணுவத்தில் இருந்தவர். ஓட்டு மட்டும் அவர் போட்டதில்லை. இத்தனை வருடமும் அது அவரை உறுத்தியிருக்குமா தெரியாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிற வலி. இப்போது அது வாரத்துக்கு இரண்டு முறை எண்ணெய் நிலையத்தில் வருகிறது. அவருக்குப் பின்னால் நிற்கிற வங்காளதேசத்துப் பையனுக்கும் அதே விலைதான். அவன் இங்கே வந்து மூன்று வருடம் இருக்கலாம்.

மக்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பார்கள். ஒதுக்கீடு ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. இதைக் கண்டுபிடித்தது பெரியவரின் மருமகள்.

போன சனிக்கிழமை காலை மறுபடி அதே நிலையத்தில் பார்த்தேன். கப்சாயை ஓட்டி வந்தது பெரியவர். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் காய்கறிப் பையோடு மருமகள். அவர் மோட்டாரை ஸ்டாண்டில் போட்டு, சீட்டைத் தூக்கி, டாங்கி மூடியைத் திறந்து வைத்தார். அவள் உள்ளே போய் நீல அட்டையைச் செருகினாள். முதல் தடவையே படித்தது. கல்லாப் பையன் கண்ணாடி வழியாக வெளியே ஒரு பார்வை பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவள் வந்து பம்பைத் தட்டினாள். பெரியவர் குழாயை எடுத்தார்.

நாலு லிட்டர் நிரம்ப நேரமாகாது. கடைசிச் சொட்டு வரைக்கும் குழாயை ஆட்டி ஊற்றிவிட்டு மூடியைத் திருகினார்.

"ஏறும்மா, வெயில் வந்துரும்" என்றார்.